ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறதா? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணினி பழுது பார்ப்பது என் வேலை என்று தெரிந்தவர்கள் கோவிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "டிஸ்க் ஒரு மாதிரி சத்தம் போடுது, என்னன்னு சொல்லுங்க." சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேஷியா என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மேலே படிக்கும் முன் ஒன்று. உங்கள் டிஸ்க் இந்த நேரத்தில் "டக் டக்" என்று அடித்துக்கொண்டோ, உரசிக்கொண்டோ இருந்தால், அதில் இருப்பதற்கு வேறு பிரதியும் இல்லையென்றால், அதை இப்போதே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுப் பொறுமையாகப் படிக்கலாம்.

சத்தம் டிஸ்கிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஸ்க் பழுது என்று தூக்கி வருகிற கணினிகளில் கணிசமானவற்றில் குற்றவாளி மின்விசிறிதான். பெட்டிக்குள் தொங்கும் வயர் விசிறி இறக்கையில் பட்டால் "டர்ர்ர்" என்று வரும். தூசி அடைத்த விசிறி முனகும். பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறியின் சத்தமும், டிவிடி டிரைவ் தகட்டைத் தேடும் சத்தமும் டிஸ்க் சத்தம் போலவே கேட்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்கின் பவர் வயர், டேட்டா வயர் இரண்டையும் எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி போடுங்கள். விண்டோஸ் கிடைக்கவில்லை என்று திரையில் புலம்பும், புலம்பட்டும். சத்தம் இன்னும் இருந்தால் டிஸ்க் நிரபராதி.

ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை டிஸ்க் பக்கத்திலும் வைத்தால் எங்கிருந்து வருகிறது என்று நன்றாகவே தெரியும். மடிக்கணினியில் பெரும்பாலும் உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அடியில்தான் டிஸ்க் இருக்கும். அங்கே காதை வைத்துக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி என்றால் அதில் சுழலும் பாகமே கிடையாது. சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது. எஸ்எஸ்டி சாகும்போது சத்தமில்லாமல்தான் சாகும், அதில் அதுதான் சிக்கல்.

நல்ல டிஸ்க் எப்படிச் சத்தம் போடும்?

போட்டவுடன் "ஊஊம்" என்று ஏறி, ஒரே சீரான ரீங்காரத்தில் நிற்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று. 5400 என்றால் 90. அதனால்தான் இரண்டாவதின் ரீங்காரம் சற்றுக் கனமாகக் கேட்கிறது. ஃபைலைத் தேடும்போது மெல்லிய "கரகர". வேலையில்லாமல் சில நொடி இருந்துவிட்டால் ஒரே ஒரு "டிக்": படிக்கும் ஹெட், தகவல் இருக்கும் தட்டிலிருந்து இறங்கி ஓரத்துச் சரிவில் போய் உட்காரும் சத்தம். மறுபடி வேலை வந்தால் இன்னொரு "டிக்". இதெல்லாம் சரிதான்.

பெரிய கொள்ளளவு டிஸ்க் வாங்கியவர்கள் பயப்படுகிற ஒன்று உண்டு. 10 டெராபைட், அதற்கு மேல் உள்ள சில வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகள் சும்மா இருக்கும்போதும் ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை "தொப்" என்று அடங்கிய சத்தம் போடும். ஹெட் ஒரே இடத்தின் மேல் நிற்காமல் இருக்க அது தானாகவே நகர்த்திக்கொள்கிறது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மர மேசையில் வைத்திருந்தால் மேசையும் சேர்ந்து அதிரும், அடியில் ஒரு ஸ்பாஞ்சு போடுங்கள்.

யாரும் தொடவில்லை, இரவு பத்து மணிக்கு அதுவாகவே கரகர என்கிறது. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் ஃபைல்களுக்கு அட்டவணை போடும், ஆன்டிவைரஸ் சோதனை ஓடும், அப்டேட் இறங்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியைத் தட்டினால் யார் உழைக்கிறார்கள் என்று காட்டிவிடும். எக்ஸ்டர்னல் டிஸ்குகள் பலவற்றில் தகவலின் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறை இருக்கிறது. அதில் பெரிய வீடியோவைப் போட்ட பிறகு, நீங்கள் எழுந்து போனாலும் அது உள்ளே அடுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கும். அது முடியும்வரை வயரைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.

அண்ணா, "டக்… டக்… டக்" என்று ஒரே தாளத்தில் அடிக்கிறது. கணினியில் டிஸ்கே தெரியவில்லை. போய்விட்டதா?

இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

டிஸ்குக்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்கில், 7200 சுற்றில், தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. நம் என்3 நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு அனுமதித்த உச்ச வேகம் அது. அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70,000 நானோமீட்டர் என்று நினைத்துக்கொண்டால் இடைவெளி எவ்வளவு குறைவு என்பது புரியும்.

தட்டில் உங்கள் படங்கள் மட்டும் இல்லை. "நீ இப்போது இந்தத் தடத்தில் இருக்கிறாய்" என்று ஹெட்டுக்குச் சொல்லும் குறியீடுகளும் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் ஓடத் தொடங்கியதும் ஹெட் முதலில் அந்தக் குறியீட்டைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் ஹெட்டைத் தாங்கும் கையைப் பின்னுக்கு இழுத்து, ஓரத்தில் முட்டி, மறுபடி நீட்டித் தேடும். அந்த முட்டல்தான் "டக்". நாலைந்து முறை தேடிப் பார்த்துவிட்டு மோட்டாரையே நிறுத்திவிடும் டிஸ்குகளும் உண்டு.

ஹெட்டால் ஏன் படிக்க முடியவில்லை என்பதற்குப் பல காரணம். ஹெட் பழுதாகியிருக்கலாம். தட்டில் கீறல் விழுந்திருக்கலாம். டிஸ்க் தன் உள் மென்பொருளைப் படிக்கும் பகுதியே கெட்டிருக்கலாம். இவை மூன்றும் வீட்டில் சரிசெய்யக்கூடியவை அல்ல. நாலாவது காரணம் மட்டும் மலிவானது: மின்சாரம் போதவில்லை. பழைய பவர் சப்ளை, தளர்ந்த சாட்டா பவர் வயர், இரண்டு மூன்று வயர்களை இணைத்து நீட்டிய அடாப்டர் இருந்தால் மோட்டாருக்குத் தேவையான 12 வோல்ட் தடுமாறும். டிஸ்க் ஏறும், விழும், மறுபடி ஏறும். அப்போதும் "டக்" என்றுதான் கேட்கும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சத்தத்தின் தன்மையைவிட அது எப்போது வருகிறது என்பது அதிகம் சொல்லும். "டக்" அடிக்கும்போது ரீங்காரமும் சேர்ந்து இறங்கி மறுபடி ஏறினால் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். ரீங்காரம் சீராக இருந்து, அதன் மேல் "டக் டக்" மட்டும் ஒரே இடைவெளியில் கேட்டால் ஹெட் தேடித் தோற்கிறது. வேறு நல்ல பவர் வயரிலோ வேறு கணினியிலோ ஒரே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதிலும் அப்படியே அடித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒருமுறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் அக்கா மகன் வந்தால் ஒருமுறை போட்டுக் காட்டுவோம், பக்கத்து வீட்டுப் பையன் ஐடி படிக்கிறான் என்று இன்னொருமுறை, கடைக்காரரிடம் மறுபடியும். பழுதான ஹெட் ஒவ்வொரு முறையும் தட்டின் மேல் இறங்கித்தான் ஏறுகிறது. முதல் நாளில் எடுக்க முடிந்திருக்கக்கூடிய படங்கள் நாலாவது நாளில் தூளாகிவிடும். காட்ட வேண்டுமென்றால் ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் காட்டுங்கள். எனக்கு அதுவே போதும், பெரும்பாலும் அதைக் கேட்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

லோட் ஷெடிங்கில் (அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்துவது) கரண்ட் போகும்போது டிஸ்கிலிருந்து பலமாக ஒரு "டக்" கேட்கிறது. ஆபத்தா?

ஒன்றிரண்டு முறை என்றால் இல்லை. கரண்ட் நின்ற நொடியில் தட்டு உடனே நின்றுவிடாது, வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியையே பயன்படுத்தி மோட்டார் ஒரு கணம் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். அதைக் கொண்டு கை ஹெட்டை வேகமாக இழுத்து ஓரத்தில் நிறுத்துகிறது. தட்டு வேகம் குறைந்தால் ஹெட் அதன்மேல் விழுந்துவிடும் என்பதால் இந்த அவசரம். சாதாரணமாக அணைக்கும்போது மெதுவாக நடப்பது இங்கே முரட்டுத்தனமாக நடப்பதால் சத்தம் பலம்.

இதற்கும் டிஸ்க் கணக்கு வைக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் (கீழே சொல்கிறேன்) 192ஆம் எண்ணில் பார்க்கலாம். 2022, 2023 ஆண்டுகளில் யுபிஎஸ் இல்லாமல் ஓடிய டிஸ்குகளில் அந்த எண் ஏறிக் கிடக்கும். 2024 மார்ச் 26க்குப் பிறகு லோட் ஷெடிங் நீண்ட காலம் நின்றிருந்தது, 2025இன் முற்பாதியில் அவ்வப்போது தலைகாட்டியது. ஆனால் கேபிள் திருட்டும் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் எந்த அட்டவணையையும் பார்த்து வருவதில்லையே.

என் கணக்கில் கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் கெட்டது. தெரு முழுக்க ஃபிரிட்ஜ், கீசர், நீச்சல் குள மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். வந்த கரண்ட் உடனே போய் மறுபடி வரும். அடிபடுவது முதலில் கணினியின் பவர் சப்ளை. பல மாதம் கழித்து அது 12 வோல்ட்டைச் சரியாகத் தராமல் போகும்போது, டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து என்னிடம் வருகிறார்கள். கரண்ட் போனால் கணினியின் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துப் போடுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஜோபர்க் பக்கம் கோடையில் பிற்பகல் இடி மின்னல் அதிகம். அங்கே இருப்பவர்கள் மின்சாரம் எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் பிளக்கை மட்டும் நம்பாமல், வானம் கறுத்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

இன்னொன்று. வைஃபை ரவுட்டருக்காக வாங்கிய சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் சிலர் மேசை எக்ஸ்டர்னல் டிஸ்கையும் சொருகிவிடுகிறார்கள். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சின்னப் பெட்டி தாங்காது. டிஸ்க் ஏறி ஏறி விழும், நீங்கள் டிஸ்கைத் திட்டுவீர்கள்.

பாக்கெட்டில் போகிற சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க் "பீப்… பீப்" என்கிறது. அதில் ஸ்பீக்கர் இருக்கிறதா?

இல்லை. அது மோட்டார் சுற்ற முயன்று சுற்ற முடியாமல் அதிரும் சத்தம்.

இரண்டு காரணம். முதலாவது, மின்சாரம் போதவில்லை. பழைய யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 என்றால் 900. இந்த டிஸ்குகள் தொடங்கும்போது 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கக்கூடியவை. நீளமான மலிவு வயர், யூஎஸ்பி ஹப், டிவியின் துளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டிஸ்கோடு வந்த குட்டை வயரால் கணினியின் துளையில் நேராகச் சொருகுங்கள். சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது காரணம் மோசமானது. ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருக்கும், அல்லது தட்டு முழுதாக நிற்பதற்குள் யாரோ வயரைப் பிடுங்கிப் பையில் போட்டிருப்பார்கள். ஹெட் சரிவுக்குத் திரும்பாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டும் ஹெட்டும் அவ்வளவு வழவழப்பு என்பதால் ஒட்டினால் பிரியாது. தட்டினால் பிரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹெட் கழன்று தட்டில் கோடு போடும். தூசியில்லாத அறையில் பிரித்து எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இந்த வகைப் பழுதில் தகவல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், பிரிக்கிறவர் கை சரியாக இருந்தால்.

உலோகம் உரசுகிற "க்ரீச்" சத்தம்?

நிறுத்துங்கள். சோதனை, மென்பொருள், "இன்னும் ஒருமுறை" எதுவும் வேண்டாம். ஹெட் தட்டைத் தொட்டுவிட்டது, தகவல் இருக்கும் மேற்பூச்சு உரிந்து பொடியாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொடியே மற்ற ஹெட்டுகளையும் கெடுக்கும்.

தம்பி, கோவில் அலுவலகத்துப் பழைய கணினி விசில் அடிக்கிற மாதிரி கத்துகிறது. ஆனால் வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?

ஐயா, 2000களின் தொடக்கம் வரை வந்த டிஸ்குகள் பலவற்றில் மோட்டாருக்குக் குண்டு பேரிங் இருக்கும். தேய்ந்தால் விசில் வரும். பிறகு வந்தவற்றில் எண்ணெய் படலத்தில் சுற்றும் பேரிங், அவை பொதுவாகக் கத்தாது. பழைய டிஸ்க் அப்படிக் கத்திக்கொண்டே பல ஆண்டு ஓடுவதும் உண்டு. இப்போதைக்குச் செய்ய வேண்டியது, அதை அணைக்காமல் முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுப்பது. தேய்ந்த பேரிங் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், ஆறிவிட்டால் மறுபடி கிளம்புமா என்பது தெரியாது. உறுப்பினர் பட்டியல், சந்தா கணக்கு, ஆடி மாதக் கூழ் பூஜைக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற ஏடு எல்லாம் அதில்தானே இருக்கிறது?

சிசிடிவி பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வருகிறது.

அந்தப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம் ஊரில் கள்ளன் கண்ணில் படக்கூடாது என்று அலமாரிக்குள், கூரைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். டர்பன் கோடையில் அங்கே சமையல் செய்யலாம். டிஸ்க் இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கிறது, அதனால் ஓயாத "கரகர" இயல்பு. "டக்" என்று அடித்துப் பெட்டி தானாக அணைந்து வந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். டிஸ்கே போயிருந்தால் சிசிடிவிக்கென்று வரும் வகையை வாங்குங்கள். சாதாரண டிஸ்கைப் போட்டால் சீக்கிரம் மறுபடி சந்திப்போம்.

சத்தமே இல்லை. மேசை எக்ஸ்டர்னல் டிஸ்க் செத்துப் போன மாதிரி இருக்கிறது.

ஒரு கேள்வி: வேறு அடாப்டரைச் சொருகினீர்களா? மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் முனை சில டிஸ்க் பெட்டிகளில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். டிஸ்குக்கு வேண்டியது 12 வோல்ட். அப்படிச் சொருகினால் டிஸ்கின் அடிப்பலகையில் காவலுக்கு இருக்கும் ஒரு சின்ன டையோடு தன்னைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். டிஸ்க் மொத்தமாக ஊமையாகிவிடும். கேட்கப் பயமாக இருந்தாலும், சத்தத்தோடு வரும் பழுதுகளைவிட இது பெரும்பாலும் நல்ல சேதிதான்: உள்ளே ஹெட்டும் தட்டும் அப்படியே இருக்கும், பலகையைத் தெரிந்த ஒருவர் சரிசெய்துவிடுவார்.

கடற்கரைப் பக்கம், பிளஃப், அமன்சிம்டோட்டி மாதிரி இடங்களில் உப்புக் காற்று இன்னொரு வேலை செய்கிறது. பலகைக்கும் உள்ளே இருக்கும் ஹெட்டுக்கும் இடையிலான சின்னத் தொடர்புப் புள்ளிகள் கறுத்துவிடும். பலகையைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளியாக மின்ன வேண்டிய புள்ளிகள் கரி பூசியதுபோல் இருக்கும். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினால் சில டிஸ்குகள் எழுந்து உட்காரும். கை நடுங்காதவர்கள் செய்யலாம். அப்பாவின் ஒரே வீடியோ அதில் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டாம்.

ஸ்மார்ட் அறிக்கை என்கிறார்களே, அதில் எதைப் பார்ப்பது?

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல், இரண்டும் இலவசம். பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். எனக்கு வேண்டியது சில எண்கள்தான். 5: கெட்டுப் போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். 197: படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். 198: படிக்கவே முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் பூஜ்ஜியம் இருந்தால் நிம்மதி. 197 ஏறிக்கொண்டே போனால் அன்றே பிரதி எடுங்கள். 10ஆம் எண், தட்டு சுற்றத் தொடங்கத் தடுமாறிய தடவைகள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் பாவம், டேட்டா வயரை மாற்றுங்கள்.

மேலே பச்சையாக "நன்று" என்று காட்டுவதை நம்பி உட்காராதீர்கள். "நன்று" போட்டுக்கொண்டே செத்த டிஸ்குகள் நிறைய. சத்தம் ஒரு பக்கம், ஸ்மார்ட் ஒரு பக்கம் என்று இரண்டும் முரண்பட்டால் நான் காதைத்தான் நம்புவேன். சில யூஎஸ்பி பெட்டிகள் இந்த அறிக்கையை வெளியே விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் ஓடுகிறது, ஆனால் சத்தம் மாறிவிட்டது. எப்படிப் பிரதி எடுப்பது?

முதலில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். விண்டோஸ் "பழுது பார்க்கவா" என்று கேட்டால் வேண்டாம். "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் நிச்சயமாக வேண்டாம். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், அது நலிந்த டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டு, போதாததற்கு எழுதவும் செய்யும். ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும் டிஃப்ராகும் வேண்டாம்.

டிஸ்க் சாதாரண வேகத்தில் படித்தால், இல்லாமல் போனால் அழுவீர்களே, அதை முதலில் இழுங்கள். பாட்டியின் பேச்சு, பிள்ளையின் முதல் பிறந்தநாள், கம்பெனிக் கணக்கு. சினிமா, பாட்டு, இன்ஸ்டால் ஃபைல் எல்லாம் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

நடுவில் நின்று நின்று படித்தால் ஃபைல் ஃபைலாக இழுப்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கெட்ட இடத்திலும் விண்டோஸ் முட்டிக்கொண்டே நிற்கும். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் டிஸ்கை முழுதாக வேறொரு டிஸ்குக்குப் படியெடுங்கள். நல்ல பகுதிகளை முதல் சுற்றில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொள்வதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் நாட்டுக்கென்றே செய்தது மாதிரி. வாங்குகிற டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. எது பழையது, எது புதியது என்பதை டிஸ்கின் சீரியல் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கட்டளையைப் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் வெறும் டிஸ்க் உங்கள் படங்களின் மேல் வந்து உட்காரும், அதை யாராலும் மீட்க முடியாது.

"டக் டக்" அடிக்கும் டிஸ்கில் இதையும் செய்யாதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

டர்பன் ஈரக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோக் பாட்டில் மேலே என்ன படிகிறது என்று பாருங்கள். அதே தண்ணீர் தட்டின் மேலும் படியும். வைக்காதீர்கள். மூடியைத் திறந்து ஊதுவதும் அதே ரகம். பறக்கும் ஒரு தூசி ஹெட்டுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. டிஸ்கின் மேல் "மூடாதே" என்று எழுதிய சின்ன ஓட்டையையும் ஸ்டிக்கர் போட்டு மூட வேண்டாம், அது வடிகட்டி வழியாக மூச்சு விடும் இடம்.

அதே மாடல் டிஸ்க் இன்னொன்று இருக்கிறது. அதன் பலகையை எடுத்து இதற்கு மாட்டலாமா?

இருபது ஆண்டுக்கு முன்பு வேலை செய்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்கின் ஹெட்டுக்கும் தனித்தனி அளவீடுகள் பலகையில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால், நல்ல டிஸ்கும் "டக் டக்" என்று அடிக்கும். சில எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் யூஎஸ்பி துளையே அந்தப் பலகையில் பற்றவைத்திருக்கும், கணினிக்குள் மாட்டும் சாட்டா இணைப்பே இருக்காது.

கடையில் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்? வாரன்டி இருக்கிறதே?

வாரன்டி டிஸ்குக்கு, உங்கள் படங்களுக்கு இல்லை. புது டிஸ்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தகவல் முக்கியமென்றால் முதலில் அதை மீட்டுவிட்டு வாரன்டிக்குப் போங்கள். பெட்டியின் முத்திரையை உடைத்தால் வாரன்டி போகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பொருள் பழுதானால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கடைக்காரர் "கம்பெனிக்கு அனுப்புவோம், காத்திருங்கள்" என்று மட்டும் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். கீழே போட்டு உடைத்ததற்கு இது செல்லாது.

மீட்புக்குக் கொடுக்கும்போது முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். "தகவல் கிடைக்காவிட்டால் எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள். டிஸ்கைத் திறப்பது எங்கே, தூசியில்லாத அறை அவர்களிடமே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். மேசை மேலேயே திறந்து காட்டுகிறேன் என்பவரிடமிருந்து டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அனுப்பும்போது டிஸ்கைக் குமிழி உறையில் இறுக்கமாகச் சுற்றுங்கள், பெட்டிக்குள் உருளக்கூடாது. விழுந்ததா, நனைந்ததா, யார் என்ன முயன்றார்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் மறுபடி அதையே முயல்வார்கள்.

காவடி, தெருக்கூத்து, கல்யாணம் எல்லாம் வீடியோ எடுப்பவன். எத்தனை பிரதி வைப்பது?

மூன்று. இரண்டு வெவ்வேறு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். இரண்டு டிஸ்கையும் ஒரே பையில் வைத்துக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், நம் ஊர் உங்களுக்குத் தெரியும். படப்பிடிப்பு முடிந்த அன்றிரவே பிரதி எடுத்துவிட்டுத்தான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

சத்தம் போட்ட பழைய டிஸ்கைக் குப்பையில் போடலாமா?

உங்கள் சொந்தப் படங்கள் என்றால் உங்கள் விருப்பம். சங்கத்தின், கோவிலின், கடையின் டிஸ்க் என்றால் அதில் மற்றவர்களின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். போப்பியா என்று சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாகக் கட்டுப்படுத்துகிறது, வைத்திருப்பவர்தான் பொறுப்பு. ஓடுகிற டிஸ்க் என்றால் முழுதாக அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். ஓடாவிட்டால் திறந்து தட்டுகளை வெளியே எடுத்து நாசம் செய்யுங்கள். மடிக்கணினி டிஸ்கின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடி, வளைத்தால் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி வைத்து அடியுங்கள்.